பெற்றோர் கடமையைப் பிரம்பிடம் ஒப்படைக்காதீர்கள்

“ஆசிரியர் கையில் பிரம்பு இருந்தவரை போலீஸ் கையில் லத்திக்கு வேலை இருக்கவில்லை.” பள்ளி ஆண்டு விழா மேடைகளில் இந்த வசனம் பல ஆண்டுகளாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரி சொல்கிறார், உள்ளூர்ப் பிரமுகர் சொல்கிறார், வாட்ஸ்அப்பிலும் வந்து விழுகிறது. எல்லோரையும்விட உரக்கக் கை தட்டுகிறவர்கள் பெற்றோர்தான். என்னைக் கோபப்படுத்துவதும் அந்தக் கைதட்டல்தான்.

பிரம்பு கோலோச்சிய காலத்தில் லத்திக்கு வேலையே இல்லையா? முதுகுளத்தூர்க் கலவரம் நடந்தது 1957இல். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். தீ வைத்தவர்கள் எந்தப் பிரம்பில்லாத பள்ளியில் படித்துக் கெட்டுப்போனார்கள்? அப்படியொரு பொற்காலம் இந்த மண்ணில் இருந்ததே இல்லை.

“நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்” என்பது அடுத்த வாதம். ஆளானவர்கள் கையில் மைக் இருக்கிறது, பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடி, மாடு மேய்க்கவும் டீக்கடையில் கிளாஸ் கழுவவும் போனவர்களை எந்த ஆண்டு விழாவும் மேடையேற்றுவதில்லை.

சட்டம் ஆசிரியரின் கையைக் கட்டிவிட்டது என்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும்தான் தடை செய்கிறது. தவறைச் சுட்டிக்காட்டுவதையோ பெற்றோரை வரவழைத்துப் பேசுவதையோ யாரும் தடுக்கவில்லை.

அடித்தால்தான் நல்ல பழக்கம் படியும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். குழந்தைகளைக் கையால் அடிப்பது பற்றி ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இடம்பெற்ற குழந்தைகள் 1,60,000க்கும் மேல். அடி கூடிய இடத்தில் முரட்டுத்தனமும் மனச் சிக்கலும்தான் கூடியிருந்தன. இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். நம் ஊர் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். போக்குவரத்துக் காவலர் நின்றால் வண்டி நிற்கும். அவர் தேநீர் குடிக்க நகர்ந்தால் சிவப்பு விளக்குக்கு மதிப்பில்லை. அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களில் பலர் பிரம்படி வாங்கி வளர்ந்த தலைமுறை. பிரம்பு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: ஆள் பார்க்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்.

இனி என் முதன்மையான குற்றச்சாட்டு. அந்த வசனத்தில் ஆசிரியர் இருக்கிறார், போலீஸ் இருக்கிறது. பெற்ற அப்பாவும் அம்மாவும் எங்கே? அவர்களை அதில் காணோம். அதனால்தான் அவர்களுக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன அதே வழக்கத்தின் தொடர்ச்சி இது.

பிள்ளைகளோ பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 72 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், அதைப் பார்க்காதவர்களைவிட அதிகமாகத் தாங்களும் அடித்தார்கள். பல குழந்தைகள் அவர் சொன்ன சொற்களையே சொன்னார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் வீட்டில் எதைப் பார்க்கிறார்கள்? கடன்காரர் போன் செய்தால் “அப்பா வீட்டில இல்லன்னு சொல்லு” என்று பிள்ளையின் வாயிலேயே பொய்யை வைக்கிறோம். பஸ்ஸில் ஏறும்போது “கண்டக்டர் மாமா கேட்டா வயசைக் குறைச்சுச் சொல்லு” என்கிறோம். பள்ளி கேட்கும் பிராஜெக்டைக் கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கி, அதில் பிள்ளையின் பெயரை எழுதுகிறோம். கார் கண்ணாடியை இறக்கி சிப்ஸ் பாக்கெட்டைச் சாலையில் எறிகிறோம். வீட்டு வேலைக்கு வரும் வயதான அம்மாவை ஒருமையில் அழைக்கிறோம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, பிள்ளை கையிலிருக்கும் போனைப் பிடுங்குகிறோம். இத்தனையும் கண்ணெதிரே நடக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நேர்மையும் மரியாதையும் எந்தப் பிரம்பின் நுனியிலிருந்து வந்து சேரும்?

நாற்பது ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் நல்ல பழக்கத்துக்குத் துணை நிற்க முடியும். விதைக்க வேண்டியவர்கள் பெற்றவர்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் அம்மாக்களே, அப்பாக்களே, பிரம்பைத் திரும்பக் கேட்காதீர்கள். நாளைக் காலை பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குப் போகையில், காவலர் யாரும் இல்லாத சிக்னலிலும் பச்சை விழும்வரை நில்லுங்கள்.