வீட்டுக் கணக்கு: ஆள் சேர்த்தால் கமிஷன்!

சேர்ப்பது சுலபம், நிலைக்க வைப்பதுதான் பெரும்பாடு. யோகா வகுப்போ, தையல் வகுப்போ, மாதச் சந்தா வாங்கி எதை நடத்தும் பெண்மணியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். தை மாதம் நாற்பது பேர் ஆசையாகப் பணம் கட்டுவார்கள். சித்திரை பிறக்கும்போது பாதிப் பேரைக் காணோம்!

ராஜபாளையத்தில் பெண்களுக்கு யோகா சொல்லிக் கொடுக்கும் சகோதரி ஒருவர் இந்தக் குறையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைத் தேடி வந்தார். "ஆள் சேத்து விடுறவங்களுக்குக் கமிஷன் குடுத்தா நிப்பாங்களாக்கா?" என்று கேட்டார்.

"நிப்பாங்கம்மா. ஆனா அதை எப்படிக் குடுக்கிறோங்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு" என்றேன். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் உதவும். பணம் கட்டிச் சேரப் போகிறவர்களுக்கும் உதவும்.

நம் வீட்டுக்கு வரும் எல்.ஐ.சி. ஏஜெண்டைப் பாருங்கள். அவருக்கு முதல் வருஷத்தோடு கமிஷன் முடிந்துவிடுவதில்லை. நாம் பிரீமியம் கட்டக் கட்ட அவருக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் நாம் தவணையை மறந்தாலும் அவர் மறப்பதில்லை!

யோகா வகுப்புக்கும் இதே வழிதான். மாதக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி தன் மதினியைச் சேர்த்துவிட்டால், கையில் ரொக்கம் கொடுக்காமல் அவள் கட்டணத்தில் மாதா மாதம் 100 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் தொடர்ந்து வரும் வரைதான் இந்தச் சலுகை. மூன்று பேரைச் சேர்த்தவள் 200 ரூபாய் கட்டினால் போதும். நின்றுவிட்டால் அந்தச் சலுகை போய்விடுமே என்று அவள் நிற்க மாட்டாள். மதினி இரண்டு நாள் வராவிட்டால், டீச்சருக்கு முன்னால் இவளே போன் போட்டு, "ஏன் மதினி வரலை?" என்று கேட்டுவிடுவாள்.

டீச்சருக்கு நஷ்டமா? நான்கு பேருக்கு 2,000 வர வேண்டிய இடத்தில் 1,700 வரும். பாதிப் பேர் ஓடிப்போவதைவிட இது மேல். ஆனால் யாருக்கும் மூன்று பேருக்கு மேல் சலுகை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, "உன்னைச் சேர்த்தால் எனக்கு நூறு ரூபாய் குறையும்" என்று மதினியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு தெரிந்தால் மனத்தாங்கல்தான். இரண்டு, சலுகை ஒரு படியோடு நிற்க வேண்டும். மதினி சேர்த்தவளுக்கும் பங்கு, அவள் சேர்த்தவளுக்கும் பங்கு என்று இறங்கினால் யோகா போய்விடும், சங்கிலிதான் மிஞ்சும்.

ஒருத்தி இரண்டு பேரைச் சேர்க்க, அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்க்க என்று போனால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 சென்சஸ்படி ராஜபாளையத்தின் ஜனத்தொகை 1 லட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம். பதினாறாவது சுற்றில் தொட்டில் பிள்ளை உள்பட ஊரே தீர்ந்துவிடும். 75 ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரையும் சேர்த்துக்கொண்டால்கூட பதினேழாவது சுற்றைத் தாண்டாது! கடைசியில் சேர்ந்தவள் யாரிடம் போய் நிற்பாள்?

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்படி ஒரு சத்துப்பொடிச் சங்கிலியில் சேர்ந்தாள். கல்யாண வீட்டில் அவளைக் கண்டாலே, "பொடி வாங்கச் சொல்லுவா" என்று ஜனங்கள் பந்தி மாறி உட்கார்ந்தார்கள். பணம் போனதைவிட அதைச் சொல்லித்தான் அழுதாள்.

இதில் இன்னொன்றும் உண்டு. சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டவர்களுக்கு விட்டு வெளியே வர மனசு வராது. பணம் கட்டி உறுப்பினராகி, செல்போனில் விளம்பரம் பார்த்தால் வருமானம், ஆள் சேர்த்தால் மேலும் வருமானம் என்று கோவையில் மைவி3 ஆட்ஸ் என்று ஒரு நிறுவனம். அதன்மீது போலீஸ் வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். வழக்கில் நியாயம் சொல்வது கோர்ட்டின் வேலை. ஆள் சேர்க்கும் கமிஷன் மனிதர்களை எவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்போடும் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நடத்துகிறவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்து விடுகிறவரும், சேருகிறவரும் அந்தச் சட்டத்தில் குற்றவாளிதான். மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. நேரடி விற்பனை நிறுவனங்கள் இப்படிப் பிரமிடு கட்டக் கூடாது என்று 2021 டிசம்பரில் தனி விதிகளும் வந்திருக்கின்றன. "எனக்குத் தெரியாதுங்க, பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க" என்பது அங்கே எடுபடாது.

கமிஷன் என்பது ஊறுகாய் மாதிரி; அதுவே சோறு ஆகாது. எங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். யாரும் யாருக்கும் கமிஷன் கொடுக்கவில்லை. பண்டம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் முதுகுவலி குறைந்தால் பெண்கள் தாமாகவே நிற்பார்கள். சலுகை அவர்கள் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும்.

ஆகவே சகோதரிகளே, எதில் பணம் கட்டுவதற்கு முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இனிமே ஒரு ஆள்கூடப் புதுசாச் சேரலைன்னா, நான் குடுத்த காசுக்கு எனக்கு என்ன கிடைக்கும்?"

"யோகா கிடைக்கும்", "தையல் கிடைக்கும்" என்று பதில் வந்தால் தாராளமாகச் சேருங்கள். "அதெப்படிக்கா சேராம இருப்பாங்க?" என்று பதில் வந்தால், பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.