மூச்சுக்கு என்ன வெட்கம்?

துடியலூரில் ஒரு தோழர். பெயர் வேண்டாம். பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் இருபதாண்டு நின்று உழைத்தவர். கொடி கட்ட அழைத்தால் முதல் ஆளாய் வருவார்; கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும் வரையில் இருப்பார். அண்மையில் ஒரு மாலை, மேட்டுப்பாளையம் சாலையோரம் மேடை போட்டுக்கொண்டிருந்தபோது அவரைக் காணோம். தேடிப் போனோம். தேநீர்க் கடையின் பின்சுவரோரம் குனிந்து நிற்கிறார். மடியிலிருந்து எதையோ எடுக்கிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார், வாயருகே வைத்து மூன்று முறை படபடவென அழுத்துகிறார், மறுபடி மடிக்குள் மறைக்கிறார்.

மதுவல்ல தோழர்களே, மருந்து! ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர்!

"ஏனுங்க இந்த ஒளிவு?" என்றோம்.

"புள்ளைக்கு மாப்ள பாக்கறமுங்க. இளைப்புக்காரன் ஊட்டுப் புள்ளைன்னு பேராயிருமுங்க. இத ஒருக்கா எடுத்தா சாவற வரைக்கும் உடாதுன்னு வேற சொல்றாங்க" என்றார்.

மது குடித்தவன் நடுத்தெருவில் மார்தட்டி நடக்கிறான். மருந்தெடுப்பவன் மறைவிடம் தேடுகிறான். என்னே நம் நாட்டு நாணம்!

ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி அல்ல, ஊழ்வினையும் அல்ல. மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சேர்கிறது, காற்று போகும் வழி குறுகுகிறது. அவ்வளவே. வழி குறுகிய இடத்துக்கே மருந்தை அனுப்பும் கருவிதான் இன்ஹேலர்.

"அது வீரியமானது, மாத்திரையே போதும்" என்பாரும் உண்டு. கணக்குப் பார்ப்போம். விழுங்கும் சால்புடமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்துண்டு. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடலெல்லாம் சுற்றி, கைநடுக்கமும் படபடப்பும் தந்துவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலரோ நேரே போகிறது. துடியலூரிலிருந்து காந்திபுரம் போக வேண்டியவன் மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவானா?

இக்கருவி பிறந்த கதை சுவையானது. 1955-ல் அமெரிக்காவில், ஆஸ்துமாவால் அவதிப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி, மருந்துக் கம்பெனி நடத்திய தன் தந்தையிடம், "தலைக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்து ஏன் வரக்கூடாது?" என்று கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956-ல், அழுத்தினால் அளவாய்ப் பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. ஏன் என்று கேட்டது ஒரு குழந்தை. மூச்சு வந்தது உலகத்துக்கு!

இங்கே என்ன நடக்கிறது? ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம், நாள் நட்சத்திரம் பார்த்து, உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை அடைத்து விழுங்கப் பல்லாயிரவர் வரிசையில் நிற்கின்றனர். அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. மூச்சுக்குத் தவிப்பவன் எந்தக் கதவையும் தட்டுவான். ஆனால், மீனை விழுங்கப் பட்டப்பகலில் வரிசை, மருந்தை உறிஞ்சச் சுவர் மறைவா என்றே கேட்கிறோம்.

இந்த வெட்கத்தின் விலை என்ன? 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு சொல்கிறது: உலக ஆஸ்துமா நோயாளரில் இந்தியர் ஏறத்தாழ 13 விழுக்காடு, ஆனால் ஆஸ்துமாவால் இறப்போரில் இந்தியர் 40 விழுக்காட்டுக்கும் மேல்! நோயில் நம் பங்கு சிறிது, சாவில் பெரிது. மருந்து இருந்தும் மாள்வதா?

இன்ஹேலர் மருந்து இருவகை என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சு தருவது. மற்றொன்று, உட்சுவரின் வீக்கத்தை நாள்தோறும் தணிப்பது, ஸ்டீராய்டு கலந்தது, பலன் மெல்ல வரும். நம்மவர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, இரண்டாவதை "இன்று சுகமாயிருக்கிறதே" என்று நிறுத்திவிடுகின்றனர். கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் வீடு நிற்குமா? வீக்கம் தணிக்கும் மருந்தின்றி முதல் வகையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்பதே 2019 முதல் உலக மருத்துவ வழிகாட்டுதல்.

எடுக்கும் முறையும் முக்கியம். நம் தோழர் அழுத்திய மூன்றும் நாக்கில் பட்டு, புகையாய் வெளியே போயின. சரியான முறை இது: மூடியைக் கழற்று, நன்றாகக் குலுக்கு, மூச்சை முழுதும் வெளியே விடு, உதடுகளால் இறுகக் கவ்வு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கியதும் ஒரே ஒருமுறை அழுத்து, ஆழமாக இழுத்துக்கொண்டே போ, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கு. அடுத்த அழுத்து வேண்டுமானால் அரை நிமிடம் பொறு. கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒத்துவராதவர்க்கு ஸ்பேசர் என்ற குடுவை உண்டு. குப்பியை அழுத்தாமல் பொடியை உறிஞ்சும் கருவியானால், மெதுவாக அல்ல, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அதன் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குவோரும் உண்டு, வீண்! ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புக. மருந்தெடுத்தும் மூச்சு அடங்காவிட்டால், ஒரு வாக்கியம் முழுதாய்ப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், காத்திராதே; 108-ஐ அழை.

இன்ஹேலர் தந்துவிட்டால் கடமை தீர்ந்ததென்று ஆலை முதலாளிகள் எண்ண வேண்டாம். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதே, அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். அதைத் தொழில்நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தூசியை உறிஞ்சும் பொறி ஆலைக்கு வேண்டும். ஊதிப் பார்க்கும் சோதனை தொழிலாளிக்கு வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. அந்த வழியில் இன்ஹேலரும், அதைப் பிடிக்கக் கற்றுத்தரும் கைகளும் ஒவ்வொரு வாசலுக்கும் வரட்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

தோழர்களுக்கும் ஒரு வேலை. ஏடு படிக்கக் கற்றுத்தந்தவை நம் படிப்பகங்கள். அங்கே ஒரு மாலை, செவிலியர் ஒருவரை அழையுங்கள். இளைப்புள்ளவர்கள் தத்தம் இன்ஹேலரோடு வரட்டும், அனைவர் முன்னிலையில் எடுத்துக் காட்டட்டும், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளட்டும். ஒருவர் கூச்சம் போனால் பத்துப் பேர் கூச்சம் போகும்.

பெண் பார்க்க வரும் சம்பந்திகளுக்கும் சொல்வோம்: மருந்தை ஒழுங்காய் எடுப்பவன் நோயாளி அல்லன், அறிவாளி. அடுத்த கூட்டத்தில் அந்தத் தோழரைப் பின்சுவரோரம் நாம் தேடக்கூடாது. கொடிக்கம்பத்தின் கீழ், நிமிர்ந்து நின்று, அவர் மருந்தெடுக்க வேண்டும்.

உரிமைக்கு முழங்க வேண்டிய நெஞ்சு, வெட்கத்தால் அடைபட்டுப் போகலாமா?