பயன் ஊருக்கு, பாரம் யாருக்கு?

தோழரே!

ஊர்ப் பொதுப்பந்தலுக்கு ஓலை வேண்டும் என்று ஒரே ஒருவன் வீட்டுக் கூரையைப் பிரித்தெடுத்தால், அதை நீதி என்பீர்களா? பந்தலின் நிழல் எல்லோருக்கும். மழையில் நனைவதோ அவன் ஒருவன். அடுத்த திருவிழாவுக்கு ஓலை கேட்டுப் போனால் அவன் கதவைத் தாழிட்டுக்கொள்வான். அவனைக் கல்நெஞ்சன் என்று ஏசுவது எளிது. அவனைக் கல்நெஞ்சனாக்கியவர் யார் என்று கேட்பதுதான் அரசியல்.

இந்தக் கேள்வியோடு அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளுக்கு வாருங்கள். அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட அம்மண்ணின் உயிர்களை மீண்டும் குடியமர்த்த அங்கே முயற்சி நடக்கிறது. காவல் போட்ட காட்டில் மட்டுமன்று. மாடு மேய்த்துப் பிழைக்கும் பண்ணைகளிலே, உழைப்பும் கடனும் வட்டியும் உள்ள நிலத்திலே! விலங்கியல் செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நிலம் யாருடையது? இழப்பு யாருடையது? முடிவெடுப்பது யார்? இம்மூன்று கேள்விகள் எங்கே எழுகின்றனவோ, அங்கே அரசியல் இருக்கிறது.

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம்.

வெள்ளையர் குடியேற்றம் பரவுமுன் அப்புல்வெளிகளில் மேய்ந்த காட்டெருமைகள் 3 கோடி முதல் 6 கோடி வரை என்று மதிப்பிடுவர். இருப்புப்பாதை வந்தது, தோல் வாணிகம் வந்தது, துப்பாக்கி வந்தது. 1880-களின் இறுதியில் எஞ்சியவை ஏறத்தாழ ஓராயிரம்! படைத்தலைவர் சிலர் அந்தப் படுகொலையை மனமுவந்து வரவேற்றனர். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களுக்குக் காட்டெருமையே உணவு, உடை, கூடாரம். அது ஒழிந்தால் அவர்கள் பணிவார்கள் என்பது கணக்கு. வயிற்றில் அடிக்கத் தெரிந்தவனுக்கு வாள் எதற்கு?

1874-இல் ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். கரையற்றுக் கிடந்த புல்வெளி கட்டங்கட்டமாக வேலிக்குள் அடைபட்டது. 1887-இல் வந்த சட்டம் பழங்குடி மக்களின் பொதுநிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்கி, மீதியைப் பிறருக்குத் திறந்துவிட்டது. அன்று அவர்களிடம் இருந்தது 13 கோடியே 80 லட்சம் ஏக்கர்; 1934-இல் எஞ்சியது 4 கோடியே 80 லட்சம். காட்டெருமை போயிற்று, நிலமும் போயிற்று, மாடு வந்தது.

மாடு வந்தபின் நஞ்சும் வந்தது. ‘பிரெய்ரி நாய்’ என்றோர் உயிர். பெயரில்தான் நாய், பிறப்பால் அணில் இனம். வளை தோண்டிக் கூட்டங்கூட்டமாக வாழும். மாட்டின் புல்லைத் தின்கிறது என்று அதன்மேல் குற்றஞ்சாட்டி, பல பத்தாண்டுகள் அரசே முன்னின்று நஞ்சிட்டது. அதன் வளையிலேயே குடியிருந்து அதையே இரையாகக் கொண்டு வாழ்ந்தது, கீரியின் உடல்வாகு கொண்ட கருங்கால் பெரட். இரை மடிந்தது, இரையை நம்பிய உயிரும் மறைந்தது. 1979-இல் காப்பகத்திலிருந்த கடைசி பெரட்டும் இறந்தபோது, அந்த இனமே முடிந்தது என்றுதான் பலரும் எண்ணினர்.

ஆனால் 1981-இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி ஊர்ப்புறத்தில் ஒரு பண்ணை நாய் பெரட் ஒன்றைக் கொன்று வீட்டுக்குக் கவ்வி வந்தது. தேடிப் போனவர்கள் உயிரோடு ஒரு கூட்டத்தையே கண்டனர். அதையும் நோய் வாட்டியது. 1987-க்குள், எஞ்சிய 18-ஐயும் பிடித்துக் காப்பகத்தில் வளர்த்தனர். அவற்றுள் 7 மட்டுமே தொடக்கத்தில் வழித்தோன்றல் தந்தன. அந்த ஏழின் வழிவந்தவை 1991-இல் மீண்டும் புல்வெளி கண்டன.

எண்ணிப் பாருங்கள்: கோடி கோடியாகச் செலவிட்டு வளர்த்த உயிரை எங்கே கொண்டுபோய் விடுவது? பிரெய்ரி நாய் வாழும் இடத்தில்தான் விடவேண்டும். அந்த இடங்களில் பல, மாட்டுப் பண்ணைகள்! ஆக, அறிஞர் கையிலிருந்த சாவி பண்ணையாளர் வீட்டுக் கதவுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கதவு ஏன் மூடியிருந்தது? 1973-இல் அருகிவரும் உயிர்களைக் காக்க அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்; அந்நாட்டின் சின்னமான வெண்தலைக் கழுகு மீண்டதில் அதற்குப் பங்கு உண்டு. எனினும் பண்ணையாளர் காதில் அது வேறாக ஒலித்தது: ‘உன் நிலத்தில் அரிய உயிர் இருந்தால் உன் கைக்கு விலங்கு. இல்லாவிட்டால் உனக்குத் தொல்லை இல்லை.’ அரிய உயிரை வளர்த்தவனுக்கு அச்சம், அழித்தவனுக்கு நிம்மதி! ‘சுடு, புதை, வாய் திறவாதே’ என்றொரு சொல்வழக்கே அங்குப் பிறந்தது. சட்டத்தின் நோக்கம் காப்பது. அது காட்டிய வழியோ சிலரைக் கொல்லத் தூண்டியது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஓர் ஒப்பந்தம். 2013-இல் பெரட்டுக்கென வகுத்த ஏற்பாட்டில் அரசு நிலவுரிமையாளரிடம் சொன்னது இதுதான்: ‘விரும்பினால் பெரட்டை உன் நிலத்தில் குடியேற்று. அன்றாடப் பண்ணைத் தொழிலில் உன்னை அறியாமல் அதற்குத் தீங்கு நேர்ந்தால் உன்னைக் குற்றவாளி ஆக்கமாட்டோம்.’ வயோமிங்கில் 2015-இல் விதியே அவ்வாறு தளர்ந்தது. 2016 ஜூலையில் மீட்டீட்சிக்கு அருகே இரு பண்ணைகளில் 35 பெரட்டுகள் விடப்பட்டன. இனம் மறைந்தது என்று எண்ணியிருந்த நாளில் எங்கே கண்டெடுக்கப்பட்டதோ, அதே வட்டாரத்துக்கு, கதவு தட்டி, அனுமதி கேட்டு, அது திரும்பி வந்தது.

இனித் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குச் செல்வோம். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் சந்திக்கும் இடத்தில், 1994-இல் பண்ணையாளர்களே கூடி ‘மால்பாய் எல்லைப்புறக் குழு’ என்றோர் அமைப்பைக் கண்டனர். புல்வெளி புதராகிக்கொண்டிருந்தது, தீயை எங்குக் கண்டாலும் அணைக்க வேண்டும் என்ற அரசுக் கொள்கை அதற்கு ஒரு காரணம். இன்னொரு பக்கம் வீட்டுமனை வணிகர்கள் காத்திருந்தனர். வறட்சியில் ஒரு பண்ணை நொடித்தால் அது மனைகளாகக் கூறுபடும். மாடும் போகும், மானும் போகும்.

அவர்கள் கண்ட வழிக்குப் ‘புல் வங்கி’ என்று பெயர். வறட்சியில் வாடும் பண்ணையாளர் தம் மாடுகளைப் பக்கத்துப் பெரும்பண்ணையின் புல்லில் மேய்க்கலாம். அந்தப் புல்லுக்கு ஈடாக, தம் நிலத்தை மனைகளாகக் கூறுபோடும் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரவேண்டும். அவருடைய நிலம் இளைப்பாறும், புல் தழைக்கும், குடும்பமும் பிழைக்கும். வறட்சியில் ஒரு குடும்பம் வாரந்தோறும் தண்ணீரை வண்டியில் ஏற்றிச் சென்று, குட்டையில் இருந்த அரிய தவளை இனத்தைச் சாகாமல் காத்தது. சட்டப்புத்தகத்தின் எந்தப் பக்கம் அதைக் கட்டளையிட்டது?

1996 மார்ச்சில் அக்குழுவைச் சேர்ந்த வார்னர் கிளென் மலையில் ஒரு ஜாகுவாரை நேருக்கு நேர் கண்டார். கன்றைக் கொல்லக்கூடிய விலங்கு அது. அவர் அதை நோக்கி நீட்டியது துப்பாக்கியை அன்று, புகைப்படக் கருவியை! அதன்பின் குழு ஒரு நிதி ஏற்படுத்தியது: ஜாகுவார் மாட்டை அடித்தால் இழப்பீடு உண்டு. இழப்பு ஒருவனுடையதாக இருந்தவரை விலங்கு பகை. இழப்பைப் பலர் பகிர்ந்துகொண்டபோது அது விருந்தினர்.

‘பண்ணையாளரை இப்படிப் புகழ்கிறீரே, அவர்கள் அத்தனை பேரும் புனிதர்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க அரசின் பொதுநிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயப் பல ஆண்டுகள் வாங்கிய கட்டணம் 1.35 டாலர், தனியார் நிலத்திலோ அது பன்மடங்கு. பொதுச் சொத்தை மலிவாக நுகர்பவர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவர். தோளில் தட்டிக்கொடுப்பது வேறு. கணக்கை மூடிவைப்பது வேறு.

சேஜ் கோழி என்னும் புதர்நிலப் பறவையின் கதை இதற்குச் சான்று. 2010-இல் தொடங்கிய திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் சேர்ந்தன. பறவை மோதிச் சாகாதபடி முள்கம்பியில் அடையாளத் துண்டுகள் மாட்டினர். ஊடுருவிய மரங்களை அகற்றினர். அதைச் சுட்டி, 2015-இல் அப்பறவையை அருகிவரும் உயிர்ப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அரசு தீர்ப்பளித்தது. ஆனால் 2021-இல் அரசின் ஆய்வு நிறுவனமே வெளியிட்ட கணக்கு என்ன சொல்கிறது? 1965 முதல் அப்பறவைகளில் 80 விழுக்காடு குறைந்துவிட்டன! காட்டுத்தீ, அயல்நாட்டுப் புல், எண்ணெய் எரிவாயுக் கிணறு எனப் பகை பல. ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்தின் பலனை அளந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். கைகுலுக்கிவிட்டோம் என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் இருக்கலாமா?

வேறொரு வழியும் முயலப்படுகிறது. மோன்டானாவில் 2001-இல் தோன்றிய ‘அமெரிக்கன் பிரெய்ரி’ என்னும் அமைப்பு, பண்ணைகளை விலைக்கு வாங்கி இணைத்துக் காட்டெருமை மேயும் பெரும் புல்வெளியாக்க முனைந்தது. நோக்கம் பெரிது. ஆயினும் ‘மாட்டுக்காரனைக் காப்பாற்றுங்கள்’ என்று சாலையெங்கும் எதிர்ப்புப் பலகைகள் எழுந்தன. ஏன்? பணமுள்ளவர் வாங்க, பரம்பரையாக உழைத்தவர் விலக, பள்ளியும் கடையும் மூடிவிடுமோ என்ற அச்சம்! அந்த அச்சத்தை அறியாமை என்று எள்ளி நகையாடுவோர் மக்களை அறியாதவர்.

அந்த அச்சத்திற்கு மதிப்பளிக்கும் நாம், அதனினும் பழைய துயரத்தை மறக்கலாமா? மாட்டுக்காரன் அஞ்சுவது நாளை நிலம் போய்விடுமோ என்று. பழங்குடி மக்களுக்கோ நேற்றே போய்விட்டது!

அவர்கள் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. 1992-இல் பழங்குடி மக்களின் காட்டெருமைக் கழகம் உருவாயிற்று. மோன்டானாவின் பிளாக்பீட் மக்கள் 2016-இல் கனடாவின் எல்க் ஐலண்ட் பூங்காவிலிருந்து காட்டெருமைக் கன்றுகளைக் கொண்டுவந்தனர். அக்கன்றுகளின் மூதாதையர் 1870-களில் அம்மக்களின் மண்ணிலேயே பிடிக்கப்பட்டவை. 2023 ஜூனில் ஒரு மந்தை, அவர்கள் போற்றும் சீஃப் மலையடியில் வேலியின்றித் திறந்துவிடப்பட்டது. அம்மக்களிலும் மாடு வளர்ப்போர் உண்டு. அவர்களுக்கும் புல்லும் வேலியும் கவலைதான். ஆனால் அதைத் தீர்த்துக்கொள்பவர்கள் அவர்களே. தீர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை.

வந்த விலங்கு சும்மாவும் நிற்காது. கான்சாஸ் மாநிலத்தின் கொன்சா புல்வெளியில் 29 ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. காட்டெருமை மேய்ந்த இடத்தில் மண்ணுக்குரிய தாவர வகைகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. மாடு மேய்ந்த இடத்திலும் உயர்வு உண்டு. ஆனால் அதில் பாதிக்கும் குறைவு. மாடு புல்வெளிக்குப் பகை என்பாருக்கும், மாடு ஒன்றே போதும் என்பாருக்கும் இது ஒருங்கே விடை.

தோழரே! மூன்று கேள்விகளுக்கும் என் விடை இதுதான். நிலம் யாருடையது என்பதில், பறித்ததை மறைக்காத நேர்மை வேண்டும். இழப்பு யாருடையது என்பதில், பயன் பொதுவானால் பாரமும் பொதுவாக வேண்டும். பொதுப்பணம் பெறுவோர் பொதுக்கணக்குக் காட்டவேண்டும். முடிவெடுப்பது யார் என்பதில், அந்த மண்ணில் வாழ்ந்து வியர்வை சிந்துவோர் முதல் வரிசையில் அமரவேண்டும்.

காப்பாற்றுவோம் என்று மேடையில் முழங்குவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. கதவைத் தட்டி, திண்ணையில் அமர்ந்து, ‘உமக்கு என்ன இழப்பு? அதில் எங்கள் பங்கு எவ்வளவு?’ என்று கேட்பது ஆண்டுக்கணக்கான வேலை. மீட்டீட்சியில் பெரட் திரும்பியது அந்த இரண்டாவது வேலையால்தான். எந்த நற்பணிக்கு மக்களிடம் போனாலும் அந்தக் கேள்வியோடு போங்கள். கொடுக்க வேண்டிய பங்கையும் கையோடு கொண்டு போங்கள்!