ஏலக்காய்க்குப் பச்சை நிறம் எதுக்கு?

ஏலத்தையே ஏலம் விடும் ஊர் எது? தேனி மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள், போடிநாயக்கனூர் என்று. ஏலமலைத் தோட்டங்களில் விளைந்த காய் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கி, ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் கம்ப்யூட்டர் திரையில் விலை போகிறது. 2018 வெள்ளம், அடுத்து வந்த வறட்சி எல்லாம் சேர்ந்து 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் தொட்டது.

சரி, அந்த விலை எதுக்கு? வாசனைக்கு என்று நினைத்தால் பாதிதான் சரி. பச்சை நிறத்துக்கும் பருமனுக்கும்தான் முதல் மரியாதை. 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ராஜா!

ஐரோப்பாவில் ட்ரஃபிள் என்று ஒரு காளான் உண்டு. மண்ணுக்கடியில் விளையும், பார்க்கக் கரிக்கட்டி மாதிரி இருக்கும். ஆனாலும் வாசனைக்காகக் காசைக் கொட்டுகிறார்கள். கோடையில் கிடைக்கிற ரகத்துக்கு மணம் மென்மை, சூடு பட்டால் ஓடிவிடும். அதனால் பரிமாறும்போதுதான் மெல்லிசாகச் சீவிப் போடுவார்கள். ஏலக்காயும் இதே ஜாதிதான். நாம் நடத்துகிற விதம்தான் தலைகீழ்.

ஏலக்காயின் எண்ணெய் முழுக்க உள்ளே இருக்கும் விதையில். தோலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சந்தை பார்ப்பது தோலை! இலைப்பேன் உறிஞ்சினால் தோலில் சொறி விழும், விலை இறங்கும். அந்தப் பயத்தில் மருந்து மேல் மருந்து அடிக்கிறார்கள். சிலர் பச்சைச் சாயமே ஏற்றிவிடுகிறார்கள்.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைக்கு என்ன ஆனது? ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் என்று கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024-ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு விஷயம். அதற்குள் பிரசாதம் பழசாகிவிட்டதே.

"அரபு நாட்டுக்காரங்க பச்சையாத்தானே கேக்குறாங்க" என்பார்கள் வியாபாரிகள். இருக்கட்டும். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதியைத் தின்று தீர்ப்பது நாம்தான். பாயசத்தில் பொடியாகப் போகிற காய்க்குத் தோல் எந்த நிறமாக இருந்தால் என்ன?

ஆகவே மக்களே, அடுத்த முறை கடையில் ஒரு காயை உடைத்துப் பாருங்கள். விதை கருப்பாக, லேசாகப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். வாயில் போட்டால் சுருக்கென்று குளிர வேண்டும். வெளுத்துச் சுருங்கியிருந்தால் அது பிஞ்சு, எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். வெளிறியது, சின்னது, கொஞ்சம் சொறி விழுந்தது என்று மலிவாகக் கிடைப்பதில் விதை நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கியதை வீணாக்காமல் இருப்பதும் முக்கியம். பொடியாக வாங்காதீர்கள், மணம் பாக்கெட்டிலேயே பறந்துவிடும். தேவையானபோது விதையை ஒரு சிட்டிகை சர்க்கரையோடு நசுக்கினால் நைசாகும். பாயசம், கேசரிக்கு அடுப்பை அணைத்த பிறகு தூவி மூடிவிடுங்கள். கொதிக்கிற பாலில் ஆரம்பத்திலேயே போட்டால் அடுப்படி மணக்கும், பாயசம் மணக்காது :-) பிரியாணிக்கு மட்டும் முழுசாக, லேசாகக் கீறி நெய்யில் போடலாம். மிச்சத் தோல் டீக்கும் சர்க்கரை டப்பாவுக்கும்.

வாங்குகிறவன் விதையைக் கேட்க ஆரம்பித்தால், மலையில் மருந்து அடிக்கிறவனுக்கும் ஒரு சுற்றைக் குறைக்கத் தைரியம் வரும். உங்க வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் எப்போது விழுகிறது?