இடுப்பிலே துப்பாக்கி, ஏட்டிலே உரிமை

ஓர் ஆயுதமும், அத்தகைய ஆயுதங்களுக்கு அணைகோல எழுந்த ஒரு சட்டமும் ஒரே ஆண்டிலே பிறந்த விந்தையை ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றிலே காண்கின்றோம். ஜோன் பிறவுணிங் வகுத்த .45 கைத்துப்பாக்கியை அந்நாட்டுத் தரைப்படை 1911 மார்ச் 29-ஆந் திகதி ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டிலே நியூயோர்க் மாநிலம், மறைத்துக்கொள்ளத் தக்க சிறு சுடுகலன்களை அனுமதிப் பத்திரமின்றி வைத்திருத்தல் குற்றமென விதித்தது. துப்பாக்கி இன்றும் புதிது புதிதாகச் செய்யப்படுகின்றது. சட்டமோ 2022-இல் தன் முதுகெலும்பை இழந்தது.

பிலிப்பைன் தீவுகளிலே மோரோ மக்களை அடக்கச் சென்ற அமெரிக்கப் படையினர், தம் .38 சுழல் துப்பாக்கிகள் வலுவற்றவை என முறையிட்டனர். அம்முறையீட்டின் பயனாகவே பெருங்குண்டுத் துப்பாக்கி தேடப்பட்டது. ரவைக்கூட்டிலே ஏழு ரவைகள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்த ரவை தானே ஏறி நிற்கும். இரு உலகப் போர்களிலும், கொரியாவிலும், வியட்நாமிலும் உழைத்த இதற்கு 1985-இலேதான் மாற்று வந்தது. படைக் கிடங்கிலிருந்த பழைய துப்பாக்கிகள் சட்டத்தின் அனுமதியுடன் 2018 தொடக்கம் குடிமக்களுக்கும் விற்கப்படுகின்றன.

அதனை வாங்கிப் போற்றுவோர்மீது எமக்குக் குறையில்லை. கைப்பிடிக்கு நல்ல மரம் இழைப்பர், குறிகாட்டியை மாற்றுவர், உருக்கின்மேல் பூவேலை செய்விப்பர். பழைய கருவிமீது வைத்த பற்று குற்றமாகாது. ஆனால், விசையின் இழுவையைக் குறைக்கும் வேலை அவ்வகையினதன்று. இத்துப்பாக்கியை இடுப்பிற் கொண்டு திரிவோர் பலர், ரவையை ஏற்றிச் சுத்தியலைப் பின்னிழுத்துப் பூட்டிய நிலையிலேயே கொண்டு திரிகின்றனர். கட்டைவிரலால் நீக்கும் காவல் ஒன்று. உள்ளங்கை அழுத்தினாலன்றி விசையை இயங்கவிடாத காவல் மற்றொன்று. இவ்விரண்டாவது காவலைச் செயலறச் செய்துகொள்வோரும் உளர். சினத்திற்கும் சாவிற்குமிடையே கருவியைச் செய்தோன் வைத்த இடைவெளியை அவர்கள் குறுக்குகின்றனர். நாளை யூரர் முன்னிலையில், "இவ்விசையை ஏன் இளக்கினீர்?" என்று வழக்குத் தொடுநர் வினவினால் விடையென்ன?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் இரண்டாந் திருத்தம் 1791-இல் அந்நாட்டு அரசியல் யாப்பிலே சேர்ந்தது. அது தனிமனிதனின் உரிமையே எனச் சமஷ்டி உயர் நீதிமன்றம் 2008-இல் தீர்த்தது. அத்தீர்ப்பு வீட்டினுள் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றியது. தெருவிலே கொண்டு செல்வதற்கோ நியூயோர்க்கில் "தகுந்த காரணம்" காட்டவேண்டியிருந்தது. 1913-இல் வந்த இவ்விதியை 2022 ஜூன் 23-ஆந் திகதி ஆறு நீதியரசர்கள் செல்லாதென்றனர், மூவர் மாறுபட்டனர்.

அத்தீர்ப்பின் இப்பகுதியை நாம் வெறுக்க முடியாது. "தகுந்த காரணம் எது?" என்பதை அதிகாரியின் மனம் தீர்மானிக்குமாயின், அங்கு உரிமையில்லை, சலுகையே உண்டு. 1956-இல் அலபாமாவின் மொன்ற்கோமரி நகரிலே மாட்டின் லூதர் கிங்கின் இல்லத்திலே குண்டு வெடித்தது. அவர் துப்பாக்கி கொண்டுசெல்ல அனுமதி கேட்டார், அதிகாரிகள் மறுத்தனர். வீட்டிலே குண்டு வெடித்தவனுக்குக் காரணம் இல்லையாயின், வேறு யாருக்கு உண்டு? பின்னர் அவர் ஆயுதத்தையே துறந்து அறவழியில் நின்றமை அவருடைய பெருமை, அதிகாரிகளின் நீதியாகாது. பன்றியினின்றும் பயிரைக் காக்க, 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் நம் உழவருக்கு, அதிகாரியின் மேசைமுன் நிற்பதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், அதிகாரியின் மனப்போக்கை நீக்குதல் வேறு. தகுதியையே நீக்குதல் வேறு. முற்குற்றம் உண்டா எனப் பார்த்தல், பயிற்சி பெறச் செய்தல் முதலிய, எல்லோர்க்கும் ஒன்றான, வரையறுத்த நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கும் முறையை அந்நீதிமன்றம் அழிக்கவில்லை. அங்ஙனமிருந்தும், 2021 செப்தெம்பர் முதல் ரெக்சாஸ் மாநிலத்திலே, சட்டத்தடை இல்லாத 21 வயதினர் பத்திரமுமின்றிப் பயிற்சியுமின்றிக் கைத்துப்பாக்கியுடன் திரியலாம். இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இவ்வழியே சென்றுவிட்டன. இஃது யாப்பு விதித்த கட்டாயமன்று; சட்டமன்றங்கள் தாமே தேர்ந்தெடுத்த வழி.

படைவீரனுக்கு இதே துப்பாக்கியைக் கொடுத்தபோது அரசு அதனை வெறுங்கையிலே கொடுக்கவில்லை. பயிற்சி, மேலாளின் கட்டளை, பிழைத்தால் படை நீதிமன்றம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கொடுத்தது. குடிமகனுக்கு இரும்பு மட்டும் போதுமா? தெருவிலே துப்பாக்கியை உருவுபவன் அந்தக் கணத்திலே குற்றஞ்சாட்டுபவனும், நீதிபதியும், தண்டனையை நிறைவேற்றுபவனும் ஆகின்றான். அவன் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. நீதிபதி ஒருவனின் ஆசனத்துக்குத் தகுதி கேட்கும் சமுதாயம், மூவரின் அதிகாரத்தையும் ஒருங்கே தாங்குபவனிடம் ஒன்றுங் கேட்கலாகாதா?

2021-இல் அந்நாட்டிலே சுடுகலன்களால் மாண்டோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர். கள்வனுக்கு அஞ்சி வாங்கிய கருவி, துயருற்ற ஓர் இரவிலே வீட்டாரின் கைக்கே எட்டிவிடுகின்றது. ஆகவே, பூட்டிவைக்கும் கடமையும் கொண்டுசெல்லும் உரிமையுடன் ஒட்டியே வருதல் வேண்டும்.

நாம் கூறுவது இதுவே. "ஏன் வேண்டும்?" என்று அதிகாரி கேட்க வேண்டாம். "கையாளத் தெரியுமா? சட்டம் எப்போது சுட விடுகின்றது என்பதை அறிவீரா?" என்று சட்டம் எல்லோரையும் ஒரே குரலிற் கேட்கட்டும். விடை சரியாயின் பத்திரம் கிடைக்கட்டும். மறுப்பின் காரணம் எழுத்திலே வரட்டும். அதன்மேல் வழக்காட நீதிமன்றம் திறந்திருக்கட்டும். இவ்வாறு கேட்பதால் உரிமை குறைவதில்லை. உரிமையாளனின் பக்கத்திலே ஆயுதமின்றி நடப்பவனின் உயிரும் உரிமையே என்பது நிலைபெறும்.