பூனைக்கு வயது 76

பூனையின் ஓராண்டை மனிதரின் ஏழாண்டாகக் கொள்வது பிழை. அதன் முதலாண்டு நமது 15 ஆண்டுகளுக்கு ஒப்பு. ஈராண்டு நிறைவில் 24. பின்னர் ஆண்டுதோறும் 4 கூட்டுவர் கால்நடை மருத்துவர். 15 ஆண்டு வாழ்ந்த பூனைக்கு வயது 76!

தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி, பறழ் எனப் பெயர் கூறும், முதுமைக்குப் பெயரில்லை. நம் இல்லங்களிலும் கொஞ்சல் குட்டிக்கே. சிறுநீரகம் தளர்ந்த முதிய பூனை மிகுதியாக நீர் பருகும். கண்ட இடத்தை நனைக்கும். மூட்டுவலியால் எலியைத் துரத்தாது. உடனே சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டு வருகிறோம். பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை மேடைதோறும் எடுத்துரைப்போரும் நாமே. உணவும் அளிக்கவில்லை, இரைதேடவும் விடவில்லை என்பதன்றோ அவள் குற்றம்? இரைதேட இயலாததைத் தெருவில் விடுதல் அதனின் வேறன்று என்பது எம் துணிபு. அடுக்களை மூலையில் ஒரு கிண்ணம் நீரும், தாழ்ந்த தட்டில் சிறிது மணலும் வைத்தால் போதும். எஞ்சிய நாளை அது அங்கேயே கழித்துக்கொள்ளும்.