லைன் பாதியில் அறுந்தால் கிளஸ்டர் என்ன ஆகும்? கியூப்சிடிஎல், ஹெல்ம், கே9எஸ்: எது எதற்கு?

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனியின் சர்வர்களைப் பராமரிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கரண்ட் போனால் மோடமும் போச்சு. மிச்சம் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். அடித்த கட்டளை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பது, எந்தக் கருவியில் அடித்தார் என்பதைப் பொறுத்தது.

ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான் கன்டெய்னர். பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் இந்தக் கன்டெய்னர்களை மேய்ப்பது, 2014-ல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ். பஞ்சாப் நகராட்சிகளின் சொத்து வரி, குடிநீர் இணைப்புச் சேவைகளுக்குப் பயன்படும் 'டிஜிட்' தளமும் இதன் மேல்தான் நிறுவப்படுகிறது. தவறான ஒரு கட்டளை வரி கட்டும் சேவையையே நிறுத்திவிடக்கூடும்.

அடிப்படைக் கருவி கியூப்சிடிஎல். என்னென்ன ஓட வேண்டும் என்று கோப்பில் எழுதி 'அப்ளை' கொடுக்க வேண்டும். பத்தில் நான்கு போய்ச் சேர்ந்ததும் லைன் அறுந்தாலும் பயமில்லை. அதே கட்டளையைத் திரும்ப அடித்தால் மிச்சமும் போய்விடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'டெலிட்' கொடுத்தால் வழக்கமாக 'நிஜமாகவா?' என்று அது கேட்பதில்லை. சோதனை கிளஸ்டர் என்று நினைத்து நிஜ கிளஸ்டரில் அடித்தால் அவ்வளவுதான்.

ஹெல்ம் பல கோப்புகளை ஒரே மூட்டையாக்கி நிறுவும், வேலை சுலபம். ஆனால் 'அப்கிரேட்' நடுவில் லைன் அறுந்தால் சிக்கல்தான். 'பெண்டிங் அப்கிரேட்' நிலையில் மாட்டிக்கொண்டு, அடுத்த முயற்சியில் 'வேறு வேலை நடக்கிறது' என்று மறுத்துவிடும். 'ரோல்பேக்' கொடுத்துத்தான் மீட்க வேண்டும். தோற்றால் தானே பழைய நிலைக்குத் திரும்பும் 'அட்டாமிக்' வசதி இருக்கிறதே என்றால், அந்தக் கட்டளையும் அதே லேப்டாப்பிலிருந்துதான் போக வேண்டும்! முன்பு கிளஸ்டருக்குள்ளேயே இருந்து இந்த வேலையைச் செய்தது 'டில்லர்'. அதற்கு அளவுக்கு மீறிய அதிகாரம் என்ற பாதுகாப்புக் கவலையால், 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

கே9எஸ் நிலவரத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்க அருமையானது. லைன் போனால் திரை நிற்கும், கிளஸ்டருக்கு ஒன்றும் ஆகாது. புதியவர்கள் 'ரீட் ஒன்லி' முறையில் திறப்பது நல்லது.

ஆக, ஆட்டம் காணும் இணைப்பில் ஹெல்மை நேரடியாக ஓட்டக் கூடாது. அலுவலக சர்வருக்குள் நுழைந்து, 'டிமக்ஸ்' திறந்து, அங்கிருந்து அடிக்கலாம். வீட்டில் லைன் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஆர்கோ சிடி, ஃப்ளக்ஸ் இன்னும் ஒரு படி மேல். மாற்றத்தை கிட்டில் சேர்த்தால் போதும், கிளஸ்டருக்குள் இருக்கும் மென்பொருளே அதை எடுத்துச் செயல்படுத்திவிடும்.

எதைத் தேர்ந்தாலும் கியூப்சிடிஎல் லேப்டாப்பில் இருப்பது நல்லது. அதன் பதிப்பு கிளஸ்டரின் பதிப்பிலிருந்து ஒரு எண்ணுக்கு மேல் விலகக் கூடாது: கிளஸ்டர் 1.30 என்றால் 1.29 முதல் 1.31 வரை.